கூடை முடைந்தோர் வரலாறு

புன்னைக்காயலின் பெருமையை எழுதப் புகுவோர் முத்துக்குளிப்பையும் அண்டிரிக் அடிகளாரின் தமிழ்ப்பணியையும் எழுதுவர், அது முறையே. ஆயின், இக்கரையில் உப்பும் மீனும் அள்ளிய கூடையைப் பற்றியோ, கூடை முடைந்த மக்களைப் பற்றியோ எழுதுவாரிலர். இவ்வெள்ளி விழா மலரில் அதனை எழுத விழைகின்றோம்.

நொச்சியை அடியொட்ட வெட்டினால், தூரிலிருந்து பல கிளைகள் மறுதாம்பாக நேரே நீண்டு தழைக்கும். வளைந்து கொடுக்கும் அவ்விளார்களே கூடைக்கு உகந்தவை. எத்தனை முறை வெட்டினும் செடி சாவதில்லை. துவரை மாரும் இவ்வாறே பயன்படும். பச்சை மாறுவதற்குள் முடைந்துவிடவேண்டும், காய்ந்தால் ஒடியும். அடியில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மெல்லிய விளாரை ஒன்றுவிட்டு ஒன்றாக நுழைத்துச் சுற்றி வருவர். குச்சிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் சுற்றுக்குச் சுற்று பின்னல் மாறி விழும். பள்ளியை அறியாத கைகள் அறிந்திருந்த கணக்கு இது!

மூங்கிலாலும் ஈச்சம் ஓலையாலும் கூடை முடைந்தவர்களுள் குறவர் சமுதாயத்தார் முதன்மையானோர். அவர்களுள் ஒரு பிரிவினர் கடற்கரை உப்பை மாட்டின் மீதும் கழுதை மீதும் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்று, தானியம் மாற்றி வந்தனர். உப்புக் குறவர், கறிவேப்பிலைக் குறவர் என அவர்கள் விற்ற பண்டமே பெயராயிற்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் இப்பெயர்களைக் காணலாம். 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. இவ்வாறு புகைவண்டி சென்ற வழியெல்லாம் பொதிமாட்டு வாணிகம் நலிந்தது. எஞ்சியது கூடையே.

பிழைப்பிழந்து ஊர் ஊராய்த் திரிந்தவர்களை அரசு ஐயக்கண் கொண்டு நோக்கியது. 1871இல் வடஇந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறவர் பலர் அதன்கீழ்ப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகை வைத்தல், காவலர் முன் ஆஜராதல் ஆகியவற்றோடு நில்லாது, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. நம் முன்னோர் பள்ளி வாயிலில் நுழைய இடங்கேட்டுப் போராடிய காலத்திலே, வேறொரு கூட்டத்தாருக்குப் பள்ளியே தண்டனையாக்கப்பட்டது. ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இதைப் படிக்குந்தோறும் நெஞ்சு பதறுகின்றது.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. தமிழ்நாட்டின் அட்டவணைச் சாதிகள் பட்டியலில் 'குறவன், சித்தனார்' என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆயினும் உரிமை பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நிலையான முகவரி கேட்பர். ஊர் ஊராகக் கூடை விற்றவரின் பேரப்பிள்ளைகள் எந்த முகவரியைக் காட்டுவர்? நம் சங்கத்தின் உதவித்தொகைப் படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை நீக்கவேண்டுமெனப் பொதுக்குழுவிற்கு எழுதியுள்ளோம்.