ரோபோவும் ஊழியமும்

ரோபோ என்ற சொல்லுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பிறந்த நாடு, பிறந்த ஆண்டு, பெயர் வைத்தவர் என்று எல்லா விவரமும் தெளிவாகத் தெரிந்த சொற்கள் எந்த மொழியிலும் குறைவு. இது அவற்றில் ஒன்று. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம் 1920இல் அச்சாகி, 1921 ஜனவரியில் மேடையேறியது. 'ரோஸம்ஸ் யுனிவர்சல் ரோபோட்ஸ்' என்ற கற்பனைக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கம்தான் தலைப்பு. ரோஸம் என்ற விஞ்ஞானியின் பெயரே செக் மொழியில் அறிவைக் குறிக்கும் 'ரோஸும்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கம்பெனி செய்து விற்பது இரும்புப் பொம்மைகளை அல்ல. மாவு பிசைகிற தொட்டிகளில் சதையும், நூற்பாலையில் நரம்பும் தயாரித்துக் கூட்டிய செயற்கை மனிதர்களை. அவர்கள் மனிதரைப் போலவே இருப்பார்கள், கூலி கேட்க மாட்டார்கள். நாடகத்தின் முடிவில் அவர்கள் கிளர்ந்தெழுந்து மனித குலத்தையே அழிக்கிறார்கள்.

இவர்களை என்னவென்று அழைப்பது? உழைப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'லபோரி' என்று வைக்கலாமென்று முதலில் நினைத்திருக்கிறார் சாப்பெக். அது செயற்கையாகப் படவே, ஓவியரான அண்ணன் யோசெஃபிடம் கேட்டார். வாயில் தூரிகையைக் கவ்வியபடி வரைந்துகொண்டிருந்த அண்ணன், 'அப்படியானால் ரோபோத்தி என்று வை' என்று முணுமுணுத்தாராம். 1933இல் ஒரு பத்திரிகையில் காரெல் இதைத் தானே எழுதி, பெயர் வைத்த பெருமை அண்ணனுக்கே உரியது என்று சொல்லிவிட்டார்.

'ரொபோத்தா' என்றால் செக் மொழியில் கட்டாய உழைப்பு. நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவன் வாரத்தில் இத்தனை நாள் பண்ணையாரின் வயலில் கூலியில்லாமல் உழைத்தே ஆகவேண்டும் என்ற கடமைக்குப் பெயர் அது. ஹாப்ஸ்பர்க் பேரரசு 1848இல் அதை ஒழித்தது. நாடகம் எழுதப்பட்டபோது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சொல்லின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. அதன் வேரான 'ரப்' பழைய ஸ்லாவிய மொழியில் அடிமையைக் குறித்தது. பெயரைத் தந்த யோசெஃப் சாப்பெக் 1945இல் பெர்கன்-பெல்சன் நாஜி முகாமில் கைதியாக இறந்தார்.

இந்த ரொபோத்தா என்னவென்று குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்காரர்களுக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மார்த்தாண்டத்தைச் சுற்றிய ஊர்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. அந்த சமஸ்தானத்தில் இதற்கு நேரான முறை ஒன்று இருந்தது. பெயர் ஊழியம். நாடார்களும் அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்டிருந்த சாதியாரும் சர்க்காருக்குச் சுமை தூக்கவேண்டும், கோயிலுக்கும் அரண்மனைக்கும் பண்டங்கள் கொண்டு சேர்க்கவேண்டும், கூப்பிட்ட நாளில் போகவேண்டும், கூலி என்று கேட்கக்கூடாது. கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த 1810களில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஏழில் ஒரு நாள் விடுப்புக்கே அரசாணை வேண்டியிருந்தது என்றால் மீதி ஆறு நாள் எப்படி இருந்திருக்கும்! சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) இந்த ஊழியத்துக்கும் வரிக்கும் எதிராகத்தான் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். அவர் வழியினரின் நூலான அகிலத்திரட்டு அம்மானை அந்த வேதனையைப் பதிந்து வைத்திருக்கிறது. 1855இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அடிமை முறையை ஒழிக்கும் விளம்பரம் வந்தது. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்துக்குப் பலனாக 1859இல் இன்னொரு விளம்பரம் வந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே சொல் இதே பொருளில் வழங்கியது. டச்சுக்காரர்கள் இலங்கையில் முஸ்லிம்கள் மீதும் செட்டிகள் மீதும் சுமத்திய கட்டாய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். டச்சு ஆவணங்களிலும் ஆங்கில ஆவணங்களிலும் அது 'ஊலியம்' என்று உருமாறிக் கிடக்கிறது.

ஊழியம் எங்கிருந்து வந்தது? ஊழ் என்றால் முறை. மலையாளத்தில் இன்றும் ஒருவருடைய முறை வருவதை 'ஊழம்' என்கிறார்கள், களியக்காவிளைப் பக்கம் அந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. முறை வைத்து ஆள் அனுப்பிச் செய்த வேலை என்று ஊழியத்துக்குப் பொருள்கொள்ள இடம் உண்டு. அதே ஊழ்தான் தமிழில் விதி என்ற பொருளிலும் நிற்கிறது, திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. முறை என்று தொடங்கியதை விதி என்று நம்பவைத்துவிட்டால், வேலை வாங்குகிறவனுக்குச் சவுக்கும் தேவையில்லை.

ஆனால் இன்று இந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குமரி மாவட்டத்தில் ஒருவர் 'ஊழியத்துல இருக்காரு' என்றால் சபைப் பணியில் இருக்கிறார் என்று அர்த்தம். அதில் மரியாதை தொனிக்கும். கட்டாய ஊழியத்தில் முதுகு வளைந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாமாக விரும்பிச் செய்கிற தொண்டுக்கு அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். அரசு ஊழியர் என்றால் மாதச் சம்பளமும் விடுப்பும் ஓய்வூதியமும் உள்ளவர். இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 'ஊழியர் சேமலாப நிதி' தொழிலாளியின் முதுமைக்கான சேமிப்பு. ரஷ்ய மொழியிலும் இதே கதை. 'ரபோத்தா' அங்கே இன்று வெறும் வேலை. ஒரு சொல் தானாக மேலே ஏறுவதில்லை. கூலி, வேலை நேரம், சங்கம், வாக்குரிமை என்று ஒவ்வொன்றாக மனிதர்கள் போராடிப் பெற்றபோதெல்லாம் சொல்லும் அவர்களோடு ஏறியது.

ரோபோ என்ற சொல் வேறு வழியில் போய்விட்டது. மனிதர்மேல் சுமத்தப்பட்ட கொடுமையின் பெயர், இயந்திரத்தின் பெயராகி, கடைசியில் பெருமைக்குரிய தொழில்நுட்பத்தின் பெயராகிவிட்டது. அதற்குள் இருந்த குடியானவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

தமிழ் மனித உருவில் செய்த பொருளுக்கு வைத்த பெயர்கள் வேறு திசையில் சிந்தித்தவை. மிகப் பழைய பெயர் பாவை. கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்ததாகச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கொல்லிப்பாவை, பார்ப்பவரைத் தன் அழகால் மயக்கும், பின்னாளில் சிரித்தே கொல்லும் என்ற கதையும் சேர்ந்தது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை கையில் விளக்கேந்தி நிற்கிறது. அடுத்தது பொறி. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டையின் பொறிகளைப் பட்டியலிடும்போது கருங்குரங்கு வடிவில் செய்த 'ஊகம்' ஒன்றையும் சொல்கிறது, நெருங்குகிறவரைக் கடிக்கும் காவல் கருவி. சீவக சிந்தாமணியில் பறக்கும் மயிற்பொறி, பெருங்கதையில் உதயணனைச் சிறைபிடிக்க வந்த எந்திர யானை. எந்திரம் என்ற சொல் சங்க காலத்திலேயே கரும்பு பிழியும் ஆலைக்கு வழங்கியிருக்கிறது, ஐங்குறுநூற்றில் பார்க்கலாம். அடக்குதல், கட்டுக்குள் வைத்தல் என்று பொருள்படும் 'யம்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்த யந்திரமே அது என்பது பெரும்பாலோர் கருத்து. இயங்கு என்ற தமிழ் வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு.

இந்த எந்திரம் 2010இல் ஒரு திரைப்படத்தால் 'எந்திரன்' ஆனது. சிறிய விகுதிதான். ஆனால் தமிழ் இலக்கணத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் இல்லை. எந்திரம் ஓடியது, எந்திரன் ஓடினான். 'அது'வாக இருந்தது 'அவன்' ஆனது, அஃறிணை உயர்திணைக்குள் கால் வைத்தது. தொல்காப்பியம் வகுத்த திணையில் உயர்திணை மனிதருக்கு உரியது. மனித உருவ ரோபோ எதிரே வந்து பேசும்போது நம் நாக்கு எந்த வினைமுற்றைத் தேடும் என்பது தமிழனுக்கு வெறும் தத்துவக் கேள்வியாக இருக்க முடியாது, வாக்கியத்தை முடிப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில் அது அஃறிணை என்பதே. எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பசியும் முதுமையும் பிள்ளைகுட்டியும் இல்லாத ஒன்றை உயர்திணை ஆக்கினால், அந்தத் திணையில் இடம்பிடிக்கவே நூற்றாண்டுகள் போராடிய மனிதருக்குச் செய்யும் அவமரியாதை அது.

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்கே வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் நிலைமச் சாதனப் பிரிவு இருக்கிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக அங்கே உருவான அரை மனித உருவ ரோபோவை 2020 ஜனவரியில் பெங்களூரில் உலகுக்குக் காட்டினார்கள். அப்போது இஸ்ரோ தலைவராக இருந்தவர் குமரி மாவட்டம் சரக்கல்விளைக்காரரான கே. சிவன். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணனும் இதே மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர்தான். அந்த ரோபோவுக்கு வைத்த பெயர் வியோமமித்ரா. வியோமம் வானவெளி, மித்ரா தோழி. தலையும் உடலும் கையும் உண்டு, கால் கிடையாது. அலுமினியக் கலவையில் முப்பரிமாண அச்சு முறையில் செய்த அதன் மண்டையோட்டின் எடை 800 கிராம்தான். மனிதர் ஏறுவதற்கு முன் ஆளில்லாப் பயணத்தில் போய், பலகைகளில் உள்ள விசைகளை இயக்கி, உள்ளே காற்றும் அழுத்தமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. மனித உயிரைப் பணயம் வைக்கக் கூடாத இடத்துக்கு முதலில் போகும் தோழி என்பதால், பெயரும் வேலையும் பொருந்துகின்றன.

அதே திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் சிலர் பாதாளச் சாக்கடையில் மனிதர் இறங்குவதைத் தடுக்க ஓர் இயந்திரம் செய்து 2018இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் பாண்டிகூட். பெருச்சாளிக்குத் தெலுங்கில் 'பந்திக்கொக்கு', பன்றி எலி என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போய் உருமாறி, தெற்கே திரும்பி வந்து சாக்கடைக்குள் இறங்கும் இயந்திரத்தின் பெயரானது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது, சாவுகள் நிற்கவில்லை. பாண்டிகூட்டுக்கு மனித முகம் கிடையாது. ஆனால் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்த தொழிலாளருக்கே அதை இயக்கக் கற்றுத்தருகிறார்கள். மனிதரைப் போன்ற முகம் வைத்த எத்தனையோ ரோபோக்களைவிட மனிதருக்கு நெருக்கமானது இதுதான் என்பேன்.

முழு மனித உருவ ரோபோக்கள் இப்போது வேகமாக வருகின்றன. 1973இல் தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகம் செய்த 'வாபாட்-1' மெல்ல அடியெடுத்து வைத்தது. 2000இல் ஹோண்டாவின் அசிமோ நடந்தது. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனிதர்களோடு 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓட 21 ரோபோக்கள் இறங்கின, முதலாவது 2 மணி 40 நிமிடத்தில் முடித்தது. மனித உருவம் எதற்கு என்று கேட்டால் பொறியாளர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. படிக்கட்டு, கதவுக் கைப்பிடி, திருப்புளி, வேலைமேசை எல்லாம் மனித உடலின் அளவில் செய்யப்பட்டவை. ரோபோ அந்த அளவில் இருந்தால் தொழிற்சாலையை மாற்ற வேண்டாம், ஆளை மட்டும் மாற்றினால் போதும்.

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். மார்த்தாண்டத்தைச் சுற்றி நாம் 'அண்டி ஆபீஸ்' என்று சொல்லும் முந்திரி ஆலைகளில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். கொட்டை உடைக்கும்போது ஓட்டின் எண்ணெய் விரலில் பட்டால் தோல் கருகும், அதற்காகக் கையில் சாம்பல் தடவிக்கொள்வார்கள். அடுத்தது பருப்பின் தோலை உரிப்பது, பிறகு கிரேடிங். 'டபிள்யூ 320' என்றால் ஒரு ராத்தலுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. பருப்பைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது எந்த கிரேடு என்று சொல்லிவிடும் பழக்கம் அந்தக் கைகளுக்கு உண்டு. உடைக்கவும் தரம் பிரிக்கவும் இயந்திரங்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன. விரலைக் கருக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் யாரும் அழப்போவதில்லை, நல்லதுதான். ஆனால் அந்த வேலையோடு அவள் வீட்டு அடுப்பும் அணைந்துவிட்டால் இயந்திரம் யாருக்கு ஊழியம் செய்கிறது?

மனித உருவ ரோபோ மனிதரைவிட அறிவாளியாகிவிடுமா, நம்மை ஆளுமா என்பதைப் பற்றித்தான் உலகெங்கும் பேச்சு. ரோபோ என்ற பெயரின் வரலாறு எழுப்பும் கேள்வி அதைவிடப் பழையது. கூலியில்லாத உழைப்பின் பலன் யார் கைக்குப் போகிறது? செக் பண்ணையாருக்கும் திருவிதாங்கூர் சர்க்காருக்கும் போனது போல இனி இயந்திரத்தின் உடைமையாளருக்கு மட்டும் போகப்போகிறதா?

எனவே தொழிற்சங்கங்களும் சபைகளும் ஊர்த் தலைவர்களும் இயந்திரம் வாசலுக்கு வந்தபிறகு கூடுவதில் பயனில்லை. இப்போதே கேட்க வேண்டியவை மூன்று. இயந்திரம் எந்த வேலையை எடுக்கிறதோ அந்த வேலையைச் செய்தவருக்கே அதை இயக்கும் பயிற்சியும் முதல் உரிமையும் வேண்டும். மிச்சமாகும் நேரம் வேலைநீக்கமாக அல்லாமல் குறைந்த வேலை நேரமாகத் தொழிலாளிக்கு வரவேண்டும். வயதான தொழிலாளருக்கு ஓய்வூதியம் வேண்டும். ஊழியம் என்ற சொல்லை இந்த மண்ணின் மக்கள் ஒருமுறை மீட்டிருக்கிறார்கள். உழைப்புக்கு உரிய பங்கையும் அவர்கள் உரிமையோடு கேட்கட்டும்.