"உம்ம்ம்" சத்தத்தை விரட்டிய கதை

எலக்ட்ரிக் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் செருகியதும், ஒரு தந்தியைக்கூடத் தொடுவதற்கு முன்பே, ஸ்பீக்கரிலிருந்து "உம்ம்ம்..." என்று ஒரு சத்தம் வரும். மேடைக் கச்சேரிகளில் பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். இந்தச் சத்தத்தோடு இசைக்கலைஞர்கள் நடத்திய போராட்டத்துக்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் உயிர்ப்பலியும் உண்டு.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் வடிவமைத்த ரிக்கன்பேக்கர் கிதாருக்கு "வறுவல் சட்டி" என்று செல்லப்பெயர். காந்தம், அதோடு ஒரு கம்பிச்சுருள். இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் தோன்றும். இதுதான் பிக்கப். 1937-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அந்தச் சுருளுக்குத் தந்தி எது, பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. வீட்டு மின்சாரம் அமெரிக்காவில் நொடிக்கு 60 முறையும், இந்தியாவிலும் பிரிட்டனிலும் 50 முறையும் அலைகிறது. அந்த அலைவையும் சுருள் ஓர் ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்ளும். "உம்ம்ம்" என்பது அதுதான்.

முள்ளை முள்ளால் எடுத்தார்கள்

ஒரு சுருளால் வந்த தொல்லையை இரண்டாவது சுருளால் தீர்க்கலாம் என்பது பழைய யோசனை. எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் 1934-லேயே மைக்குகளில் இதைச் செய்தது. கிதாருக்கு அதைக் கச்சிதமாகக் கொண்டுவந்தவர் கிப்சன் நிறுவனப் பொறியாளர் செத் லவர். ஆம்ப்ளிஃபயருக்குள் இரைச்சலை அடக்கும் சுருளைப் பயன்படுத்தியபோது, பிக்கப்பிலும் ஏன் கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

அவர் செய்தது இதுதான். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் காந்த முனை வடக்கு என்றால் மற்றதற்குத் தெற்கு. சுருள்களையும் எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்த முனை ஒரு பொருட்டல்ல. இரண்டிலும் ஒரே மாதிரி நுழைந்து, எதிரெதிர் இணைப்பால் கழிந்துவிடும். தந்தியின் ஒலியோ காந்தத்தால் ஒருமுறை, இணைப்பால் ஒருமுறை என இரண்டு தடவை திரும்புவதால் ஒன்றோடு ஒன்று கூடிவிடும். இரைச்சல் போகும், இசை நிற்கும். இதற்கு "ஹம்பக்கர்" என்று பெயர்.

லவர் 1955 ஜூனில் விண்ணப்பித்தார். 1957-ல் லெஸ் பால் கிதார்களில் ஹம்பக்கர் வந்தது. இதற்கிடையே இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ ஊரைச் சேர்ந்த ரே பட்ஸ், கிதார் கலைஞர் செட் அட்கின்ஸுக்காக இதே தத்துவத்தில் கிரெட்ச் நிறுவனத்தின் ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை உருவாக்கினார். பின்னால் விண்ணப்பித்த பட்ஸுக்கு 1959 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. லவருக்கு அடுத்த மாதம்தான்! முதலில் யார் என்ற வாதம் ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை.

தவறான வைத்தியம்

பிக்கப் சரியானாலும் சத்தம் வேறு வழியில் வந்தது. கிதாரின் ஆம்ப்ளிஃபயர் ஒரு பிளக்கில், மைக்கின் மிக்சர் இன்னொரு பிளக்கில். இரண்டின் எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால், இரண்டையும் இணைக்கும் கேபிளின் உறை வழியாக மின்சாரம் ஓடும். மறுபடியும் "உம்ம்ம்". எர்த் பின்னை வெட்டிவிட்டால் இந்தச் சத்தம் உடனே நின்றுவிடும். பல மேடைகளில் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் எர்த் என்பது சத்தத்துக்காக வைத்ததல்ல, உயிருக்காக வைத்தது. கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அதைப் பாதுகாப்பாகக் கடத்திவிடும் வழி அது. அந்த வழி இல்லையென்றால் கலைஞனின் ஒரு கையில் கிதார் தந்தி, மறு கையில் மைக், நடுவில் அவன் உடல்தான் கம்பி.

1965 டிசம்பரில் சேக்ரமென்டோ மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், கிதார் மைக் ஸ்டாண்டில் பட்டதும் மயங்கி விழுந்தார். ரப்பர் அடி வைத்த காலணிதான் காப்பாற்றியது என்பார்கள். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். ரசிகர்கள் முன்னிலையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

சரியான வைத்தியம்

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது முதல் வழி. டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட டி.ஐ. பாக்ஸைப் பயன்படுத்துவது அடுத்தது. அதிலுள்ள "கிரவுண்ட் லிஃப்ட்" சுவிட்ச் சிக்னல் கேபிளின் உறையை மட்டுமே துண்டிக்கும். மின்சார எர்த்தைத் தொடாது. மூன்றாவது, இரண்டு கம்பிகளில் ஒலியை எதிரெதிராக அனுப்பும் பேலன்ஸ்டு கேபிள். நுழையும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் மறுமுனையில் கழிந்துவிடும். ஹம்பக்கரின் அதே கணக்கு!

சத்தம் வந்தால் காதுதான் வலிக்கும். எர்த் இல்லாவிட்டால் உயிரே போகும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது ஏன் தெரியுமா? செருகும்போது முதலில் சேர்ந்து, கழற்றும்போது கடைசியில் பிரியவேண்டும் என்பதற்காகத்தான்.