மூன்றில் இரண்டு

1905 பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மன்னாருக்குத் தெற்கே, மரிச்சுக்கட்டிக் கரையில் ஒரு நகரமே முளைத்திருந்தது. 318 தோணிகள், ஏறத்தாழ 5,000 முத்துக்குளிப்பவர்கள். கீழக்கரை, தூத்துக்குடி ஆட்களோடு பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் இருந்தார்கள். அந்தப் பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. இலங்கையை ஆண்ட ஆங்கிலேய அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய்.

இவ்வளவு பணம் வந்ததற்குக் காரணம் பங்குக் கணக்கு. தோணி கரை சேர்ந்ததும் சிப்பிகளை வேலியடைத்த முற்றத்துக்குள் சுமந்து செல்ல வேண்டும். குளித்தவர்களே அவற்றை மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். பிறகு அதிகாரி வந்து இரண்டைத் தேர்ந்தெடுப்பார், அவை அரசுக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாததால் பிரிப்பவர் ஏமாற்ற வழியில்லை. மிஞ்சிய ஒரு பங்கிலிருந்துதான் தோணிக்காரருக்கும் குளிப்பவரின் கயிறு பிடித்தவருக்கும் கூலி. 1906இல் அரசு அதிகாரியாக இந்தக் கரையில் வேலை பார்த்த லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் இதை விவரித்திருக்கிறார்.

அரசின் பங்கு மாலையில் ஏலத்துக்குப் போகும். சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் விற்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்ற சூதாட்டம் வாங்கிய வியாபாரியின் தலையில், அரசுக்கு ரொக்கம். குளித்தவரோ தம் பங்கை முற்றத்துக்கு வெளியே, காத்திருக்கும் சில்லறை வியாபாரிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமே விற்கலாம்.

மூன்றில் இரண்டு கொள்ளையில்லையா? அரசு தன் தரப்பைச் சொல்ல இடமிருந்தது. சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பெரியபார், சேவல்பார் போன்ற முத்துப்பார்களைச் சோதித்துச் சிப்பி விளைந்துவிட்டதா என்று முன்கூட்டியே பார்ப்பதற்கென ஓர் அதிகாரி இருந்தார். வெறும் மணற்கரையில் குடிசை, குடிநீர், மருத்துவமனை, காவல் எல்லாம் அமைத்தது அரசு. தொலைதூர வியாபாரிகள் பணப்பையோடு வந்ததும் அந்த ஏலத்தை நம்பித்தான். ஆனால் பார் அரசினுடையது. வேறு கரையில் கொண்டுபோய் இறக்கும் உரிமை குளிப்பவருக்கு இல்லை.

இதே வழக்குதான் இன்று கைபேசிச் செயலிகளில் நடக்கிறது. ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைவழியே நடக்கும் சந்தா விற்பனையில் கழிவு எடுத்துக்கொள்கின்றன. ஆப்பிளின் கழிவு 30 விழுக்காடு வரை. சிறு நிறுவனங்களுக்கு 15. முற்றத்துக்கு வெளியே விற்கத் துணிந்தவர்கள் உண்டு: நெட்ஃபிளிக்ஸ் 2018 இறுதியில் ஐபோன் செயலிக்குள் புதிய சந்தாதாரரிடம் பணம் வாங்குவதை நிறுத்தித் தன் இணையதளத்துக்கு அனுப்பியது. அப்படிப் போனால் கழிவு மிச்சம். வரி, அட்டை மறுப்பு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் எல்லாம் தன் பொறுப்பு.

மன்னாரில் குளிப்பு நடத்தும் பொறுப்பையே மொத்தமாக வாங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் காலத்திலேயே முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு விடும் முறை இருந்தது. ஆங்கிலேயரும் தொடக்கத்தில் அதைப் பின்பற்றிப் பின்னர் தாமே நடத்தினார்கள். அரிப்பு என்ற ஊரில் ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு அந்தக் காலத்தின் மிச்சம்.

1905இன் அமோக வருமானத்தைக் கண்டதும் லண்டன் முதலீட்டாளர்கள் ஒரு கம்பனி அமைத்து, 1906இல் 20 ஆண்டுக் குத்தகை எடுத்தார்கள். ஆண்டுக்கு 3,10,000 ரூபாய், விளைந்தாலும் விளையாவிட்டாலும். 1907க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. ஏலம் போட ஒன்றுமில்லாத கரைக்கு வாடகை கட்டிய கம்பனி 1912இல் கலைக்கப்பட்டது. பார்கள் மீண்டும் அரசின் கைக்கு வந்தன. 1925இல்தான் அடுத்த பெரிய குளிப்பு நடந்தது.