வெண்மலைக் காட்டின் செவ்விலைப் பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்தில், வெண்மலைகள் என்று பெயர் பெற்ற பர்வதத் தொடரின் நடுவே, லிங்கன் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே கான்வே என்ற ஊர் வரையில் ஏறக்குறைய 34 மைல் தூரத்துக்கு ஒரு மலைச்சாலை செல்கிறது. கான்கமாகஸ் நெடுஞ்சாலை என்பது அதன் பெயர். அக்டோபர் மாதத்தின் முதற்பாதியில், கடுங்குளிர் வந்து சேருவதற்கு முன்னே காட்டு மரங்கள் ஒருசேர நிறம் மாறுகிற அந்தச் சில நாட்களில், சாலையின் இரு மருங்கிலும் விரியும் வர்ண சோபையைக் காண்பதற்கென்றே தூர ஊர்களிலிருந்து ஜனங்கள் மோட்டாரில் வந்து குவிகிறார்கள். தாம் காண்பது சிருஷ்டி காலந்தொட்டு மனிதன் கைபடாமல் நின்றுவரும் ஆதிவனம் என்ற எண்ணம் அந்தக் காட்சியைக் காணும் எவருக்கும் எளிதில் உண்டாகும். சரித்திரம் கூறுவது வேறு. 1900-ஆம் ஆண்டையொட்டி இந்தச் சரிவுகளிற் பல, வெட்டுண்ட அடிக்கட்டைகளும் கருகிய பாறைகளுமாகக் கிடந்தன. இன்று நிற்கும் வனம், சிலர் செய்த நாசத்தையும் அதைக் கண்டு பொறாத வேறு சிலர் தேடிய பரிகாரத்தையும் தன் இலைகளிலேயே ஏந்தி நிற்கிறது.

அந்த இலைகளின் தன்மையை முதலிற் சொல்லிவிடுவது நலம். பகற்பொழுது குறுகி இரவு நீளத் தொடங்கியதும், இலைகளிலுள்ள பச்சையம் சிதைந்து மறைகிறது. கோடை முழுவதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் அப்போது வெளிப்படுகிறது. பர்ச் மரங்களின் பொன்னிறம் இவ்வாறு தோன்றுவதே. மேப்பிள் மரத்தின் சிவப்போ அவ்விதம் முன்பே இருந்ததன்று. இலையில் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு அந்த மரம் தன் இறுதி நாட்களிற் புதிதாக உண்டாக்கிக்கொள்வது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி அளவுக்குப் போகாத குளிர்ச்சியும் தொடர்ந்து அமைந்த ஆண்டுகளில் அச்சிவப்பு மிகவும் பிரகாசம் பெறுகிறது. சர்க்கரை மேப்பிள் செம்மஞ்சளாகவும், செம்மேப்பிள் இரத்த வர்ணமாகவும், பீச் மரம் வெண்கல நிறமாகவும் மாறி நிற்க, அவற்றின் இடையிடையே நிறம் மாறாத ஸ்புரூஸ் மரங்கள் கரும்பசுமையோடு தலைநிமிர்ந்து நின்று, மற்ற வர்ணங்களின் ஒளியைப் பன்மடங்காக்குகின்றன.

சாலைக்குப் பெயர் கொடுத்த கான்கமாகஸ் இந்நிலத்தின் ஆதிக்குடிகளான பென்னகூக் கூட்டமைப்பின் கடைசித் தலைவன். பல குலங்களை ஒன்றுசேர்த்து அந்தக் கூட்டமைப்பை நிறுவிய பாஸகோனவே என்பவனுடைய பேரன். வெள்ளையரோடு சமாதானமாகவே வாழ வேண்டுமென்பது பாட்டனின் கொள்கை. பேரனும் சிலகாலம் அவ்வழியையே பற்றியிருந்தான். ஆயினும் இழைக்கப்பட்ட தீங்குகள் பெருகப் பெருகப் பொறுமை இழந்து, 1689-இல் டோவர் என்ற குடியேற்றத்தின் மீது நடந்த தாக்குதலில் அவன் முன்னின்றான். அதன்பின் அவனுடைய ஜனங்கள் சிதறுண்டு வடக்கே கானடாவை நோக்கிச் சென்றார்கள். நிலத்தை இழந்தவனுடைய பெயர் அந்நிலத்தின் மிக அழகிய சாலைக்கு நிலைத்துவிட்டது என்பதை நினைக்கையில் மனம் கனக்கவே செய்கிறது.

இலைகளின் வர்ணத்தை ஒரு காட்சியாகக் கருதி அதைத் தேடிச் செல்லும் வழக்கம் முதலில் கலைஞர்களிடத்தே தோன்றியது. ஓவியர் தாமஸ் கோல் 1827-இல் வெண்மலைகளுக்கு வந்தார். 1839-இல் அவர் தீட்டிய மலைக்கணவாய்ச் சித்திரம், இலையுதிர்கால வனத்தின் நடுவே சிறிய மனித உருவங்களை வைத்து, இயற்கையின் பெருமிதத்தைக் காட்டுவது. எழுத்தாளர் தோரோ எழுதிய ‘இலையுதிர்கால வர்ணங்கள்’ என்னும் கட்டுரை அவர் மறைந்த சில மாதங்களுக்குப்பின் 1862 அக்டோபரில் ஒரு மாதப் பத்திரிகையில் வெளிவந்து, தம் ஊரின் மரங்களை ஒவ்வொன்றாக நின்று பார்க்கும் கண்ணை அமெரிக்க வாசகர்களுக்கு அளித்தது. ஆனால் அக்காலத்துச் செல்வர்கள் இம்மலைகளுக்கு ரயிலேறி வந்தது பெரும்பாலும் கோடைக்காலத்தில், நகரத்து வெப்பத்துக்கு அஞ்சித்தான். அவர்களுக்காகவே நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. 1902-இல் பிரெட்டன் உட்ஸில் கட்டப்பட்ட மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டல் அவற்றுள் இன்றும் நிலைத்திருப்பது. 1944 ஜூலையில் சர்வதேச நாணய மகாநாடு அங்கேதான் கூடிற்று; இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராக நமது கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் அதில் கலந்துகொண்டார் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

இனி நாசத்தின் கதைக்கு வருவோம். 1867-இல் வால்டர் ஹாரிமன் கவர்னராக இருந்தபோது, நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யம் வெண்மலைகளில் தன் வசம் எஞ்சியிருந்த பொது நிலங்களை அற்ப விலைக்கு விற்றுத் தீர்த்தது. மலைக்காட்டை உடைமையாக வைத்திருப்பது சுமை என்று அன்றைய ஆட்சியாளர் எண்ணினர் போலும்! நிலம் தனியார் கைக்குச் சென்றதும் அதன் பின்னே கோடரியும் ரம்பமும் சென்றன. இவ்வாறு காட்டை வாங்கி வெட்டிய மர வியாபாரிகளுள் மிகவும் பிரசித்தி பெற்றவர் ஜேம்ஸ் எவரெல் ஹென்றி என்பவர். ஸீலண்ட் பள்ளத்தாக்கை வெட்டி முடித்துக்கொண்டு 1892-இல் லிங்கனுக்குக் குடிபெயர்ந்த அவர், அங்கே தம் ஆலை, தம் கடை, தம் தொழிலாளர் வீடுகள் என்று ஓர் ஊரையே அமைத்து, பெமிகெவாஸெட் ஆற்றின் கிழக்குக் கிளையை ஒட்டி மலைக்குள்ளே ரயில்பாதை போட்டார். முன்னாளில் ஆற்றில் மிதக்கவிடத் தக்க மரத்தை மட்டுமே வெட்ட முடிந்தது. ரயில் வந்த பிறகோ எட்டாத சரிவு என்பதே இல்லாமற் போயிற்று. விலையுள்ள ஸ்புரூஸ் மரங்களை வெட்டி ஏற்றிய பின், கிளைகளையும் பட்டைகளையும் அப்படியே விட்டுச் சென்றார்கள். அவை உலர்ந்து கிடக்கையில் ரயில் என்ஜினிலிருந்து பறந்த ஒரு பொறியோ, மின்னலோ போதுமானதாயிருந்தது. 1886-இல் ஸீலண்ட் பள்ளத்தாக்கு எரிந்தது. 1903-ஆம் ஆண்டின் வறண்ட வசந்தத்தில் வெண்மலைப் பிரதேசத்தில் 80,000 ஏக்கருக்கு மேல் தீக்கிரையாயிற்று. சில இடங்களில் மண்ணே எரிந்து, அடியிலிருந்த பாறை வெளியே தெரிந்தது.

இதைக் கண்டு கலங்கியவர்களுள் முன்னின்றவர் பிராங்க் ராலின்ஸ். தாம் கவர்னராயிருந்த 1899-இல், ஊரைவிட்டு வெளியே சென்று பிழைக்கும் மக்களை ஆண்டுக்கொருமுறை பிறந்த மண்ணுக்கு அழைக்கும் ‘பழைய வீட்டு வாரம்’ என்ற விழாவை ஏற்படுத்தியவர் அவரே. திரும்பி வருபவர்களுக்குக் காட்ட மொட்டை மலைகளே மிஞ்சும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்க வேண்டும். 1901-இல் அவரும் நண்பர்களும் நியூ ஹாம்ப்ஷயர் வனப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். சங்கத்தின் வன நிபுணராக அமர்ந்த பிலிப் ஏயர்ஸ் ஊர் ஊராகச் சென்று, எரிந்த காட்டின் நிழற்படங்களைக் காட்டிச் சொற்பொழிவுகள் செய்தார். மாதர் சங்கங்கள் இதில் ஊக்கத்தோடு சேர்ந்துகொண்டன. அழகுக்காக மனம் இரங்காதவர்களையும் இரங்க வைத்தது, இம்மலைகளிலிருந்து நீர் பெறும் மெரிமாக் ஆறு. நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் முதலிய நகரங்களின் பெரும் பஞ்சாலைகள் அவ்வாற்று நீரை நம்பியே இயங்கின. மலையில் காடு அழியவே, வசந்தத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் மிகுந்தன என்று ஆலை முதலாளிகள் முறையிட்டார்கள்.

காட்டைச் சர்க்காரே வாங்கிக் காக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வாஷிங்டனில் வழி எளிதாக இல்லை. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜோஸப் கானன், இயற்கைக் காட்சிக்காகப் பொதுப்பணத்தில் ஒரு சென்ட் கூடச் செலவிடலாகாது என்ற பிடிவாதத்தில் இருந்தார். லங்காஸ்டர் என்ற நியூ ஹாம்ப்ஷயர் மலையூரிற் பிறந்து, மஸாசூஸெட்ஸ் பிரதிநிதியாகச் சபைக்குச் சென்ற ஜான் வீக்ஸ் என்பவரே இறுதியில் வழி கண்டார். சர்க்கார் காட்டை வாங்குவது அழகுக்காக அல்ல, கப்பல் செல்லும் ஆறுகளின் நீர்ப்பிடிப்பைக் காப்பதற்காகவே என்று அவருடைய மசோதா கூறிற்று. ராஜ்யங்களுக்கிடையிலான வாணிகத்தை ஒழுங்குபடுத்த அரசியலமைப்பு அளித்த அதிகாரத்தின் மேல் அது நின்றது. 1911 மார்ச் 1-ஆம் தேதி ஜனாதிபதி டாஃப்ட் அதில் கையெழுத்திட்டார். சௌந்தரியத்தின் பெயரைச் சொல்லாமலே சௌந்தரியத்தைக் காத்த அச்சட்டத்தை, அமெரிக்கர் இயற்றிய மிகச் சிறந்த சட்டங்களுள் ஒன்றாக வைத்து எண்ண நான் தயங்கமாட்டேன். அதன் பயனாக நாட்டின் கிழக்குப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய இரண்டு கோடி ஏக்கர் நிலம் தேசிய வனமாயிற்று. வெண்மலைத் தேசிய வனம் 1918-இல் முறைப்படி பிரகடனம் செய்யப்பட்டது. இன்று அது மேற்கு மெயின் வரை பரந்து ஏறத்தாழ எட்டு இலட்சம் ஏக்கராக விளங்குகிறது.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தீயில் மண் வெளிப்பட்டு வெயில் தாராளமாக விழுந்த சரிவுகளில் முதலில் வேரூன்றியவை பர்ச் மரங்களும் ஆஸ்பென் மரங்களும். நிழலைத் தாங்காத அவ்வினங்களுக்கு அடர்ந்த பழைய வனத்திற் கிடைக்காத இடம் எரிந்த நிலத்திற் கிடைத்தது. ஸ்புரூஸ் வெட்டுண்ட நடுத்தரச் சரிவுகளிற் பலவற்றில் மேப்பிள், மஞ்சள் பர்ச், பீச் ஆகியவை பெருகின. ஆகவே, முன்பு கரும்பசுமை மேலோங்கியிருந்த சரிவுகள் இன்று பொன்னும் செம்மையுமாகத் தோன்றுவதற்குக் கோடரியும் நெருப்பும் ஒருவகையிற் காரணமாயின. ஆறிய புண்ணின் தழும்பைப்போல், ஒரு பள்ளத்தாக்கில் ஒரே வயதுள்ள பர்ச் மரங்கள் திரளாக நின்று மஞ்சள் பூண்டிருப்பதைக் கண்டால், அங்கே என்றோ தீ பரவியிருக்கக் கூடும் என்று ஊகிக்கலாம். இதனால் நாசம் நன்மையாயிற்று என்று கூறுவது பெரும் பிழை. நிலம் வாங்கப்படாமலும் காவல் அமையாமலும் இருந்திருந்தால், இளமரங்களையும் மறுதீ தின்றிருக்கும்.

மோட்டார் வண்டியின் வரவு காட்சி பார்க்கும் காலத்தையே மாற்றியது. ரயிலும் ஹோட்டலும் கோடைக்குக் கட்டுப்பட்டிருக்க, சொந்த வண்டி உள்ளவனோ அக்டோபர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் மலைக்குப் போய் வரலாம். அண்டை ராஜ்யமான மஸாசூஸெட்ஸில் மோட்டார்ப் பிரயாணிகளைக் கருதியே அமைக்கப்பட்ட மோஹாக் பாதை 1914 அக்டோபரில் திறக்கப்பட்டது. கான்கமாகஸ் சாலை அதைவிடப் பொறுமையாக வளர்ந்தது. கான்வேயிலிருந்து பாஸகோனவே என்ற காட்டுக் குடியிருப்பு வரை 1837-இலேயே ஒரு பாதை இருந்தது. அக்குடியிருப்பில், 1891-இல் சிறிது நேரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி வெளியே சென்ற கணவனுக்காக, ரூத் கோல்பாத் என்ற மாது 39 ஆண்டுகள் இரவுதோறும் ஜன்னலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்து 1930-இல் இறந்ததாகவும், அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப்பின் அவன் திரும்பி வந்ததாகவும் அவ்வூர் வரலாறு சொல்கிறது. அவளுடைய வீடு சாலையோரத்தில் இன்றும் பேணப்படுகிறது. 1937-இல் இருபுறத்து ஊர்ப் பாதைகளும் போட்டு முடிக்கப்பட்டன. இடையிலிருந்த மலைப்பகுதியைக் கடந்து இரண்டும் இணைந்தது 1959-இல்தான். 1964-இல் தார் போடப்பட்டது. 1968 முதல் பனிக்காலத்திலும் பனியை ஒதுக்கிச் சாலையைத் திறந்துவைக்கத் தொடங்கினார்கள்.

காவல் இன்னும் முடிந்துவிடவில்லை. இந்த வனத்துக்குள்ளேயே 1955-இல் நிறுவப்பட்ட ஹப்பார்ட் புரூக் ஆராய்ச்சிக் காட்டில், 1963-இல் மழைநீரைச் சோதித்த விஞ்ஞானிகள் அது அமிலம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். தூரத்து ஆலைகளின் புகையே அதற்குக் காரணம். மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அம்மழை கரைத்துக்கொண்டு போவதால் சர்க்கரை மேப்பிள் நலிவுறும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. புகையைக் குறைக்க 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்கு அவ்வாராய்ச்சி பெருந்துணை செய்தது.

அந்தச் சாலைக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்ற தமிழன்பர் யாராயினும் அவருக்கு ஒரு வேண்டுகோள். 2,855 அடி உயரத்திலுள்ள கணவாயை நோக்கி விரைந்துவிடாமல், லிங்கனைத் தாண்டிச் சில மைல்களில் உள்ள லிங்கன் உட்ஸ் என்ற இடத்தில் இறங்கி, ஆற்றோரப் பாதையிற் சற்று நடந்து செல்லுங்கள். ஹென்றியின் ரயில் ஓடிய தடமே அந்தப் பாதை. அக்காலத்து மரக்கட்டைகள் சில இன்னும் மண்ணிற் புதைந்து காணப்படுகின்றன. 1948 வரை மரம் ஏற்றிய அந்த ரயில் நுழைந்த பள்ளத்தாக்கு 1984 முதல் சட்டப்படி வனாந்தரம். ரம்பமும் சக்கரமும் அங்கே புகக்கூடாது. பார்த்துவிட்டுப் பிறகு மலையேறுங்கள். புறப்படுமுன் லிங்கனிலோ கான்வேயிலோ பெட்ரோல் நிரப்பிக்கொள்ள மறவாதீர்கள். இடைப்பட்ட 34 மைலிலும் ஒரு கடைகூடக் கிடையாது.