தூக்கி நிற்கும் அச்சு

ஒரகடம் பக்கம் டீ குடிச்சிக்கிட்டு நின்னா பார்க்கலாம். காலி ட்ரெய்லர் ஒண்ணு போகும், ஒரு அச்சின் சக்கரங்கள் மட்டும் ரோட்டைத் தொடாம தூக்கி நிற்கும். ரிப்பேர்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். லிஃப்ட் ஆக்ஸிலாம்.

1958-60ல அமெரிக்காவின் இல்லினாய்ஸ்ல, சோதனைக்குன்னே ரோடு போட்டு ராணுவ வீரர்களை விட்டு லாரி ஓட்டினாங்க. அச்சு எடை இரட்டிப்பானா ரோட்டுக்குச் சேதம் சுமார் 16 மடங்குன்னு தெரிஞ்சது. அச்சுக்கு எடை வரம்பு ஏன்னு இப்பப் புரியுதா? நம்ம நாட்டில் நாலு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னா இருந்ததை 2018ல 11.5 டன் ஆக்கினாங்க. கூடுதல் சுமைன்னா கூடுதல் அச்சு. காலியா வரும்போது டயர் வீணாத் தேயக்கூடாது, அதான் தூக்கிக்கிறாங்க.

1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார், 2012ல ஒரகடத்துல பாரத்பென்ஸ் லாரின்னு ஆலைகள் வர வர, இந்த ரோட்டில் ட்ரெய்லரும் பெருகிச்சு.

ஒருநாள் டீக்கடை எதிர்ல கிளீனர் தம்பி ஒருத்தன், தூக்கின அச்சுக்கடியில தலையை விட்டான். டிரைவர் அண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். 'புஸ்'ஸுன்னு சத்தம், அச்சு இறங்கிடுச்சு. "காத்தை நம்பி தலையைக் குடுப்பியாடா?"ன்னு கத்தினவருக்குக் கை நடுங்கிச்சு.

அப்புறம் அவர் சொன்னது: சமதளத்துல நிறுத்து, பார்க்கிங் பிரேக் போடு, சக்கரத்துக்குக் கட்டை வை, அச்சை இறக்கு, சாவியை உன் பையில வை. காத்துப்பையில வெடிப்பு, உரசல் இருக்கான்னு வெளியிலிருந்தே பாரு. அடியில போறதுன்னா பட்டறையில, சட்டத்துக்கு இரும்பு ஸ்டாண்டு குடுத்த பிறகுதான். காத்து இறங்கினா வண்டியே கீழ உக்காரும்.

16 மடங்கு கணக்கு ரோட்டுக்கு. தம்பிக்கு ஒரே ஒரு தலைதாங்க.