சப்ரகமுவத் தோட்டங்களில் வறட்சி

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இலங்கையின் சப்ரகமுவ மாகாணம், களு கங்கையும் களனி கங்கையும் பாய்ந்து வளம்பெறுவதும், இரத்தினபுரி நகரில் ஆண்டுக்குச் சராசரி 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிவதுமான பிரதேசமாதலால், அநாவிருஷ்டி என்னும் துன்பம் இங்கே தலைகாட்டாது என்றே பலரும் கருதுவர். எம்பிலிப்பிட்டியைச் சூழ்ந்த உலர் பகுதி நீங்கலாக, இங்கு வறட்சி பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே. எனினும் அச்சில வாரங்கள் நாட்கூலியை நம்பி வாழும் தோட்டக் குடும்பத்தை வீழ்த்தப் போதுமானவை.

விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலைச் செடி ஆணிவேர் ஊன்றி ஆழத்து ஈரத்தைத் தேடிக்கொள்ள, கிளைத்துண்டிலிருந்து வளர்க்கப்படும் வீ.பி. தேயிலை, விளைச்சல் மிகுதியாகத் தரினும், ஆணிவேர் இன்மையால் மேல்மண் காய்ந்தவுடனே வாடத் தொடங்குகிறது. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளின் கிளைகளை நறுக்கிய, மலைகளில் செடிகள் கருகிப் பட்டுப்போவதுமுண்டு. அந்நட்டம் பல ஆண்டுகளுக்கு நீளும். கேகாலையின் இறப்பர்த் தோட்டங்களில், மரங்கள் இலையுதிர்க்கும் அதே பருவத்தில் வறட்சியும் சேர்ந்துகொண்டால் பால் சுருங்குகிறது. மழை வந்தபின்போ, பட்டை நனைந்த காலைகளில் பால்வெட்டு நின்றுவிடுகிறது. வெயிலும் மழையும் ஒருங்கே வேலையைப் பறிப்பது இறப்பர்த் தொழிலாளியின் விசேஷமான துரதிருஷ்டம்.

செடியின் வாட்டம் வீட்டின் வாட்டமாக மாறும் இடம் கொழுந்து நிறுக்கும் தராசு. நிர்ணயித்த கிலோ கணக்குக்குக் கொழுந்து கிடைக்காத நாளில், பெண்ணொருத்தி காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தும் செக்ரோல் என்னும் வேலைப்பதிவேட்டில் அவளுக்கு விழுவது அரைப்பேர், அதாவது அரைநாட் கூலி. பேர் குறைந்த மாதத்தில் கடைப் பற்று ஏறுகிறது. நகை அடகுக்குப் போகிறது. கிராமத்துக் குடியானவனுக்கு இருப்பதுபோல் பலாவும் மரவள்ளியும் விளையும் சொந்தக் காணி, லயம் என்னும் வரிசை வீட்டில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு இல்லை. உணவில் பெரும்பகுதியை அது விலைக்கே வாங்கியாக வேண்டும்.

இதன் கொடிய நிரூபணமாக அமைந்தது 1973–74ஆம் ஆண்டுகளின் பஞ்சம். உள்நாட்டில் வறட்சியால் நெல் விளைச்சல் சரிந்திருக்க, 1972இல் சோவியத் நாட்டில் ஏற்பட்ட பயிரழிவையொட்டி உலகச் சந்தையில் கோதுமை விலை உயர, அடுத்த ஆண்டு எண்ணெய் விலையும் ஏற, அந்நியச் செலாவணியின்றித் தவித்த அரசாங்கம் பங்கீட்டு உணவைக் குறைத்தது. அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதையும் கட்டுப்படுத்தியது. விளையும் ஊரில் இருந்தவர் ஒருவாறு தப்பினர். கோதுமை மாவையும் பங்கீட்டு அரிசியையும் நம்பியிருந்த தோட்ட மக்களோ கிழங்கையும் கீரையையும் தேடி அலைந்தனர்; பட்டினியும் நோயும் சேர்ந்து பலரை மாய்த்தன. தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் வரம்பிட்ட 1972ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்பின் தோட்டங்கள் கைமாறியபோது வேலையிழந்தோரும் உளர். அக்காலத்தில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல.

மழை பொய்த்ததற்கு எவரும் பொறுப்பல்லர், இப்பட்டினிக்கோ பொறுப்புண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும், தொடர்ந்து வாக்குரிமை பறிக்கப்பட்டதாலும், தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயிருந்தனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா என்னும் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டிருந்தது. தேர்தலில் கணக்கிடப்படாத வயிற்றின் பசி ஆட்சிக்கு அபாயமாகத் தோன்றவில்லை. சுதந்திரமான தேர்தலும் பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்ற அமர்த்தியா சென்னின் கருத்துக்கு, தேர்தல் இருந்தும் வாக்கில்லாத இம்மக்கள் ஒரு துயரமான அடிக்குறிப்பு.

வறட்சிக் காலத்தில் சந்தையின் போக்கோ வேறு. 1991இல் ஏறத்தாழ 24 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 1992ஆம் ஆண்டு வறட்சியில் 18 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்தது.  வரத்துக் குறைந்து கொழும்பு ஏலத்தில் விலை ஏறினால், கையில் கொழுந்துள்ள சிறு தோட்ட உடைமையாளர் ஓரளவு ஈடுசெய்துகொள்வர். நாட்கூலியாளருக்கு அவ்விலையேற்றத்தில் பங்கில்லை.

குடிநீர் மற்றொரு தனித் துயரம். ஊற்று வற்றினால் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக இழைகிறது. வேலை முடித்து வந்த பெண்கள் குடங்களை வரிசையில் வைத்து இருட்டும்வரை நிற்கின்றனர். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டப் பகுதிகளில் சபைகள் குடிநீர் முதலிய பணிகளைச் செய்வதற்குத் தடையாயிருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. மழை மிகுந்தாலும் துயரமே: 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே நாடு கடும் வறட்சியில் வீழ்ந்தது. பெருமழைக்கும் பெருவறட்சிக்கும் இடைவெளி குறுகிவருகிறது.

வறட்சி நிவாரணம் இன்றும் பெரும்பாலும் கருகிய வயலின் பரப்பைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. வயலில்லாத தோட்டத் தொழிலாளி இழப்பது பேரை. செக்ரோலில் எழுதப்பட்டிருக்கும் அவ்விழப்பையும் அரசாங்கம் நிவாரணக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.