ஆரஞ்சு சாக்லேட்டில் ஆரஞ்சு எங்கே?

ஆரஞ்சு ஆசியாவில் பிறந்து மேற்கே போனது. கொக்கோ அமெரிக்காவில் பிறந்து கிழக்கே வந்தது. இரண்டும் ஒரே சாக்லேட்டில் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடைக்கும் கிள்ளான் பேரங்காடிக்கும் வர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வழியில் இரண்டுக்கும் ‘உடம்புக்கு நல்லது’ என்ற பெயர் வாய்த்தது. அந்தப் பெயரை வாங்கித் தந்த சத்துதான் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போய்விட்டது.

கசப்பு ஆரஞ்சை அரபியர் ஸ்பெயினுக்குக் கொண்டு சேர்த்தனர். 1493-இல் இரண்டாம் முறை கப்பலேறிய கொலம்பஸ், ஆரஞ்சு விதைகளைக் கரீபியத் தீவுக்கு எடுத்துப் போனார். அடுத்த நூற்றாண்டில் அதே கடல்வழியே கொக்கோ ஸ்பெயினுக்கு வந்தது. மெக்சிகோவில் மிளகாயும் வனிலாவும் போட்டுக் குடித்த கசப்புப் பானம் அது. ஸ்பெயின்காரர்கள் அதில் சர்க்கரையைக் கலந்தார்கள். ஆரஞ்சுப் பூநீரும் தெளித்தார்கள். அன்று சாக்லேட்டைப் பற்றி மும்முரமாக எழுதியவர்கள் வைத்தியர்கள். 1631-இல் அதற்கென்றே தனி நூல் எழுதிய கொல்மெனெரோவும் ஸ்பெயினின் அண்டலூசியா பகுதியைச் சேர்ந்த வைத்தியர்தான். குடித்தால் உடம்புக்குச் சூடா குளிர்ச்சியா, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிய விவாதம். நம் வீட்டுப் பாட்டிகள் அந்தச் சபையில் தாராளமாக உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

ஃபுளோரன்ஸ் அரண்மனையில் பிரான்செஸ்கோ ரெடி என்ற வைத்தியர் இன்னும் ஒரு படி மேலே போனார். எலுமிச்சை, நாரத்தை இனப் பழங்களின் தோலைக் கொக்கோவோடு சேர்த்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். புது மல்லிகைப் பூக்களைக் கொக்கோவோடு அடுக்கடுக்காக வைத்து மணமேற்றும் செய்முறையை மட்டும் யாருக்கும் சொல்லாமல் காத்தார்.

ஆரஞ்சுக்குப் புகழ் பிரிட்டிஷ் கடற்படையில் வந்தது. 1747-இல் ‘சாலிஸ்பரி’ கப்பலில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்த நோயாளிகளில் இருவருக்கு, அதன் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் கொடுத்தார். வேகமாகத் தேறியவர்கள் அவர்கள் இருவரும்தான். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1767-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு கடை திறந்தது. இருமல் மிட்டாயும் சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலும் அங்கே விற்றன. 1823-இல் ஜோசப் டெர்ரி என்ற மருந்துக் கடைக்காரர் அந்த வியாபாரத்தில் சேர்ந்தார். நாளடைவில் மருந்து பின்னால் போய், மிட்டாய் முன்னால் வந்தது.

இதற்கிடையே 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கக் கற்றது. தூளின் கசப்பைக் குறைக்கக் காரம் (ஆல்கலி) சேர்க்கும் வழியும் அவர்களுடையதே. நிறம் கருத்தது, சுவை மென்மையானது. இரத்தக் குழாய்களுக்கு நல்லது என்று இன்று பேசப்படும் ஃபிளாவனால்களில் பெரும் பகுதி அந்தக் காரத்தில் அழிந்தது. சத்து இறங்கிய முதல் துறைமுகம் இது.

இரண்டாவது, மறுபடியும் யார்க். டெர்ரி நிறுவனம் 1926-இல் ஆப்பிள் வடிவ சாக்லேட் செய்தது. 1932-இல் இருபது சுளைகளாகப் பிரியும் ஆரஞ்சு சாக்லேட் வந்தது. பின்னது நிலைத்தது, ஆப்பிள் 1950-களில் நின்றுபோனது. ஆரஞ்சின் மருத்துவ குணத்துக்குக் காரணம் வைட்டமின் சி என்று விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதும் அதே 1932-இல்தான். ஆனால் அந்த வைட்டமின் இந்தச் சாக்லேட்டுக்குள் வரவில்லை. உருகிய சாக்லேட்டில் சில சொட்டு நீர் பட்டாலும் அது கட்டிதட்டிப் போகும். ஆகவே பழச்சாறு சேர்க்க வழியில்லை. சேர்ப்பது தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெய். அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற மணப்பொருள். வைட்டமின் சி நீரில் கரைவது, எண்ணெயில் கரையாதது. எனவே மணம் வந்தது, மருந்து வரவில்லை.

மூன்றாவது துறைமுகம் நம் மலேசியா. 1778-இல் மலாக்காவில் கொக்கோ பயிரானதாகப் பதிவுண்டு. பெரிய அளவில் பயிரானது 1950-களுக்குப் பிறகுதான். சிலாங்கூர், பேராக் கரையோரத் தென்னைத் தோப்புகளின் நிழலில் அது நன்றாக வளர்ந்தது. 1980-இல் சபாவில் காய்துளைப்பான் பூச்சி தலைகாட்டி, சில ஆண்டுகளில் தீபகற்பத்துக்கும் வந்தது. விலையும் சரிந்தது. 1990-இல் சுமார் 2,47,000 டன் விளைவித்த நாடு இன்று ஆயிரம் டன்னைக்கூட எட்டுவதில்லை. கொக்கோ நின்ற நிலத்தில் பெரும்பாலும் செம்பனை ஏறியது. ஆனாலும் அரைக்கும் தொழில் தங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கொட்டைகள் கப்பலில் வருகின்றன. அவை இங்கே அரைக்கப்படுகின்றன.

கொக்கோவின் நிலத்தை எடுத்துக்கொண்ட செம்பனை, பிறகு சாக்லேட்டுக்குள்ளும் நுழைந்தது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், விலையும் அதிகம். ஆகவே மலிவான இனிப்புகளில் அதற்குப் பதில் செம்பனைக் கொட்டைக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். அதில் சுமார் 80 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதிலும் லாரிக் அமிலமே மிகுதி. கெட்ட கொலஸ்ட்ராலை அது கூட்டும். கொக்கோ வெண்ணெயில் பெரும் பங்கு வகிக்கும் ஸ்டியாரிக் அமிலம் அப்படிக் கூட்டுவதில்லை. வாயில் கரைந்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கொக்கோவுக்கு நற்குணமே இல்லையா? உண்டு. 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2022-இல் வெளியானது. கொக்கோ சாறு எடுத்துக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லுமளவு குறையவில்லை. இதயநோய் மரணங்கள் மட்டும் குறைந்திருந்தன. கொடுத்ததோ நாளுக்கு 500 மில்லிகிராம் ஃபிளாவனால் அடங்கிய மாத்திரை. பால் சாக்லேட் தின்று அந்த அளவை எட்ட நினைத்தால் சர்க்கரைதான் முதலில் எட்டும்.

யார்க்கில் பிறந்த ஆரஞ்சு சாக்லேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு சுளையில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஐந்து சுளை தின்றால், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு உத்தமம் என்று சொல்லும் 25 கிராமை நெருங்கிவிடுவோம். மலேசியாவில் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி உண்டு. சாக்லேட் கட்டி அந்த வரிக்குள் வரவில்லை. இந்நாட்டில் நீரிழிவு மிக அதிகம் நம் இந்தியச் சமூகத்தில்தான் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன.

ஆகவே தீபாவளிக்கு வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். ‘குலா’ முதலிடத்தில் இருந்தால் அது சர்க்கரை மிட்டாய். ‘லெமாக் சாயுரான்’ என்றிருந்தால் தாவரக் கொழுப்பு கலந்தது. ‘பெரிசா’ என்றிருந்தால் சுவையூட்டி. ஆசைக்கு ஒன்றிரண்டு சுளை சாக்லேட் போதும். வைட்டமின் சி வேண்டுமானால் சீனப் புத்தாண்டுக்குப் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் மண்டரின் ஆரஞ்சை உரித்துச் சாப்பிடுங்கள்.